காய்ந்த மூலையும் கருவிப்பெட்டியும்: மலையகத்தின் வார இறுதி மெக்கானிக்குக்கான முழுமையான வழிகாட்டி

கருவி வாங்க நினைப்பவர் முதலில் ஹாட்வெயார் கடைக்குப் போகிறார். வாங்கி வந்த பிறகே அதை எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். வவுனியாவிலோ அநுராதபுரத்திலோ இந்த வரிசையால் பெரிய நட்டம் வராது. ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் நுவரெலியாவிலும் இதே வரிசை காசைக் கரைத்துவிடும், ஏனெனில் இங்கே ஒரு ஸ்பானர் வேலை செய்து தேய்வதில்லை, சும்மா இருந்தே அழிகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் வழமையான வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதலில் காய்ந்த இடம், பிறகு இறாக்கை, அதன் பிறகுதான் கருவி.

இதை நான் பணம் கொடுத்தே கற்றுக்கொண்டேன். முதன்முதலில் வாங்கிய சொக்கட் தொகுதி, பளபளப்பான துண்டுகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. சித்திரை வருடப்பிறப்புக்கு வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மோட்டார் சைக்கிளில் வேலை செய்துவிட்டு, இஸ்தோப்பின் மூலையில் மூடி வைத்தேன். மழை ஓய்ந்து ஆவணி கடைசியில் திறந்தபோது, துண்டுகள் பதிந்திருந்த கறுப்புப் பஞ்சு நனைந்த கடற்பஞ்சுபோல் இருந்தது. சொக்கட்டுகளின் வெளிப்பக்கம் மினுங்கிக்கொண்டிருக்க, நட்டைப் பிடிக்கும் உட்பக்கம் முழுவதும் செம்மண் நிறமாகியிருந்தது. மூடிய பெட்டி ஈரத்தைத் தடுக்கும் என்று நம்பியது என் பிழை. அது உள்ளே போன ஈரத்தை வெளியேற விடாமல் பூட்டி வைத்திருந்தது.

முதற்படி: காய்ந்த இடத்தைக் கண்டுபிடித்தல்

துரு மழைத்துளியால் மட்டும் வருவதல்ல. இரவில் குளிர்ந்து கிடக்கும் இரும்பின் மீது, காலையில் வெயில் ஏறியதும் வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று படும்போது, தேயிலைக் கொழுந்தில் பனி இறங்குவதைப் போலவே கருவியிலும் நீர் படிகிறது. கூரைக்குள் இருந்தாலும், ஒரு சொட்டு மழை படாவிட்டாலும் இது நடக்கும். கனமான கருவிகள் மெதுவாகவே சூடேறுவதால் அவற்றில்தான் அதிகம் படியும். சுத்தியல் தலையும் ஜாக்கியும் மற்றவற்றை முந்திக்கொண்டு துருப்பிடிப்பதற்குக் காரணம் இதுவே.

எந்த மூலை காய்ந்தது என்பதைக் கையால் தடவித் தீர்மானிக்க முடியாது. அதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. நாகம் பூசாத கம்பியாணிகள் சிலவற்றை எண்ணெய் போகும்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டிரண்டாக வையுங்கள். ஒன்று தரையோடும் மற்றொன்று நெஞ்சளவு உயரத்திலும் இருக்கட்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், எந்த ஆணி முதலில் சிவக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். என் வீட்டில் தரையில் வைத்தவை அனைத்தும் ஒரு கிழமைக்குள் சிவந்தன. வீட்டின் உட்சுவரில், ஐந்தடி உயரத்தில் வைத்தவை மட்டும் தப்பின.

இந்தச் சோதனையின் முடிவு வீட்டுக்கு வீடு மாறும் என்றாலும், சில பொதுவான பாடங்கள் உண்டு. மேட்டுப்பக்க மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் ஆண்டு முழுவதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அதில் ஆணியடித்து எதையும் தொங்கவிடக் கூடாது. உள்ளே மூடுபலகை இல்லாத தகரக் கூரை இரவில் அடிப்பக்கம் வியர்த்து, விடியற்காலையில் சொட்டும். ஆகவே கூரைக்கு நேர் கீழே திறந்த தட்டு வைப்பது ஆபத்து. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்கள் அடுப்படியே மிகவும் காய்ந்த இடம் என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் விறகுப் புகையின் கரி எண்ணெய்ப் பூச்சோடு சேர்ந்து தார்போல் ஒட்டும், உப்புச் சாடியும் பக்கத்திலேயே இருக்கும். அவற்றையெல்லாம்விட, எண்ணெயும் பெற்றோலும் பட்ட பொருட்களை அடுப்பருகே வைக்கவே கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இடம் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதை அறிந்தேதான் சொல்கிறேன். அடுப்படிச் சுவரின் மறுபக்கம், அதாவது அந்தச் சூடு கசியும் அடுத்த அறையின் சுவர், பல வீடுகளில் மிக நல்ல இடமாக அமைகிறது.

இரண்டாம் படி: இறாக்கையும் அலுமாரியும்

இடம் முடிவான பின் அதை அளந்து, அதற்கேற்ற இறாக்கையைத் தீர்மானிக்கலாம். சுவருக்கும் இறாக்கைக்கும் இடையே இரண்டு அங்குலமாவது காற்றுப் போக விட வேண்டும். அடித்தட்டு தரையிலிருந்து குறைந்தது ஓரடி மேலே இருக்க வேண்டும். துளையிட்ட கோண இரும்பில் பூட்டும் தட்டுகள் உறுதியானவை, ஆனால் வெட்டிய முனைகளில் துரு தொடங்கும் என்பதால் பூட்டுவதற்கு முன்பே அந்த முனைகளுக்கு வர்ணம் பூசிவிட வேண்டும். பலகை இறாக்கை செய்வதானால் பச்சை மரத்தைத் தவிர்க்க வேண்டும். விறகுக்கு வெட்டிய சபுக்கு மரப் பலகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் காயாத மரம் தானே ஈரத்தை வெளிவிட்டு மேலே வைத்த இரும்பைக் கெடுக்கும். அட்டைப்பெட்டியும் பத்திரிகைத் தாளும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அவற்றில் கருவியைச் சுற்றி வைப்பது உதவியல்ல, கேடு.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. உலர்த்தி எடுத்த தூளில் ஏறத்தாழ 3 சதவீத ஈரம்தான் இருக்கும். அதைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் ஈரம் ஏறிவிடும் என்பதால்தான் அந்தக் காலத்தில் உட்புறம் மெல்லிய உலோகத்தாள் ஒட்டிய ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். அத்தகைய பழைய தேயிலைப் பெட்டி ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், உட்தாள் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அபூர்வமாகவே எடுக்கும் கருவிகளுக்கு அதைவிடச் சிறந்த பெட்டியைக் கடையில் வாங்க முடியாது.

கதவுள்ள இரும்பு அலுமாரி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் மூடிய இடத்தை வெளியைவிடச் சற்றே வெப்பமாக வைத்திருந்தால் நீர் படியாது. பழைய இழை மின்குமிழ், 15 வாட் அளவில், அடித்தட்டில் எரிந்துகொண்டிருந்தால் போதும். எல்.இ.டி. குமிழ் இதற்கு உதவாது, அது வெளிச்சம் தரும், சூடு தராது. 15 வாட் குமிழ் இரவும் பகலும் எரிந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 11 அலகு மின்சாரம் செலவாகும் என்பதால், அதை மழை விடாத மாதங்களில் மட்டும், இரவில் மட்டும் போடுவது நியாயமான வழி. குமிழைச் சுற்றிக் கம்பி வலைக்கூடு இருக்க வேண்டும், அந்தத் தட்டில் துணியோ எண்ணெய்ப் போத்தலோ இருக்கக் கூடாது. மின்சாரம் வேண்டாம் என்பவர்கள் சிலிக்கா ஜெல் பைகளைப் பயன்படுத்தலாம். அவை நனைந்த பின் வீசிவிடத் தேவையில்லை. மணிகளைப் பையிலிருந்து கொட்டி, சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய சட்டியில் மெல்லிய சூட்டில் காய வைத்தால் மறுபடியும் வேலை செய்யும். ஆனால் திறந்த இறாக்கையில் அவற்றை வைப்பது மலையக வானத்தையே காய வைக்க முயல்வதற்குச் சமம்.

மூன்றாம் படி: வண்டியைக் கணக்கெடுத்தல்

இப்போதும் கடைக்குப் போக வேண்டாம். ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கருகே உட்காருங்கள். நீங்கள் உண்மையில் செய்யப்போகும் வேலைகளை எழுதுங்கள்: என்ஜின் ஒயில் மாற்றுதல், பிளக் கழற்றிச் சுத்தம் செய்தல், காற்று வடிகட்டி, செயின் இறுக்குதல், கேபிள் சரிசெய்தல், பற்றரி, மின்குமிழ், டயர் மாற்றுதல். ஒவ்வொரு வேலைக்கும் எந்தெந்த போல்ட்டைத் தொட வேண்டும், அதன் தலை எத்தனை மில்லிமீற்றர் என்பதை எழுதிவிட்டால், அந்தப் பட்டியல்தான் நீங்கள் வாங்க வேண்டியது. நூறு துண்டுப் பெட்டியில் பாதிக்கு மேல் உங்கள் வண்டியில் எங்குமே பொருந்தாது என்பது அப்போது தெரியும்.

நம் வீதிகளில் ஓடும் ஜப்பானிய வண்டிகளில் 8, 10, 12, 14, 17, 19 என்ற அளவுகளே பெரும்பாலான வேலையை முடித்துவிடும். 8 மில்லிமீற்றர் தண்டுள்ள போல்ட்டுக்கு ஜப்பானியர் 12 தலை வைப்பார்கள், ஐரோப்பிய முறையில் அதே போல்ட்டுக்கு 13 தலை வரும். இந்திய மோட்டார் சைக்கிள்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இரண்டும் கலந்து வருவதுண்டு என்பதால், 13ஐயும் வைத்திருப்பது நல்லது. கார்ச் சக்கர நட்டு 17, 19 அல்லது 21 ஆக இருக்கும். பிளக்குக்கு 16 அல்லது 21 அளவில் நீண்ட சொக்கட் வேண்டும்.

தோட்டங்களில் இன்னும் உயிரோடிருக்கும் பழைய லேண்ட் ரோவரோ மொரிஸ் மைனரோ உங்களிடம் இருந்தால் கதை வேறு. அவற்றில் அங்குல அளவுகள்தான். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். அதில் 13 ஸ்பானர் போகும், ஆனால் தளர்வாக நின்று, இறுகிய நட்டின் முனைகளை வழித்துவிடும். 3/4 அங்குலத்துக்கு 19 மில்லிமீற்றர் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும், ஏனெனில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. 5/16க்கு 8 பொருந்துவதும் அப்படியே. 9/16க்கு 14 நுழையவே நுழையாது, 15 வழுக்கும். அந்த வண்டிக்காரர்கள் அங்குலத் தொகுதி ஒன்றைத் தனியாக, வேறு நிற நாடா சுற்றி வைத்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல் மீண்டும் அனுமதி வரும்வரை, கைவிடப்பட்ட பழைய வண்டிகள் பல மீண்டும் சாலைக்கு வந்தன. அதனால் இந்தக் குறிப்பு இன்று முன்னைவிடப் பலருக்குத் தேவைப்படுகிறது.

நான்காம் படி: முதற் கொள்வனவு

ஒரு முனை வாய்த்திறந்தும் மறுமுனை வளையமாகவும் இருக்கும் கூட்டு ஸ்பானர்கள்தான் முதலில் வர வேண்டும். சொக்கட்டுகளில் கைப்பிடி செருகும் சதுரத் துளைக்கு மூன்று அளவுகள் கடையில் உண்டு: 1/4, 3/8, 1/2 அங்குலம். மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் மட்டும் வைத்திருப்பவருக்கு 3/8 போதும். கார் இருந்தால் சக்கர நட்டுக்காக 1/2இல் ஒரு நீண்ட கைப்பிடியையும் இரண்டு சொக்கட்டுகளையும் சேர்க்கலாம். சொக்கட்டின் உள்வாய் ஆறு முனை, பன்னிரண்டு முனை என இருவகைப்படும். பன்னிரண்டு முனையுள்ளது குறுகிய இடத்தில் எளிதாகப் பொருந்தும் என்றாலும், துருப்பிடித்த நட்டில் முனையை மட்டுமே பிடிப்பதால் வழித்துவிடும். நம் ஊரில் துருப்பிடிக்காத நட்டு அபூர்வம், ஆகவே ஆறு முனையையே வாங்குங்கள்.

சொக்கட்டைக் கழற்றாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருகும் ராட்செட் கைப்பிடியை வாங்கும்போது பற்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். 24 பல் உள்ளது ஒவ்வொரு முறையும் 15 பாகை திரும்பினால்தான் அடுத்த பல்லைப் பிடிக்கும், 72 பல் உள்ளதற்கு 5 பாகை போதும். முச்சக்கர வண்டியின் என்ஜின் அறைக்குள் கையை விட்டவருக்கு இந்த வித்தியாசத்தின் அருமை விளங்கும். கருவியில் குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், ஏனெனில் எழுத்தை யாரும் பொறிக்கலாம். வண்டியிலிருந்து கழற்றிய நல்ல நட்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், கடையிலேயே பொருத்தி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் குறைவாக இருப்பதே நல்ல கருவி. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

திருப்புளி விடயத்தில் பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் என்ஜின் மூடியில் உள்ள கூட்டல்குறித் திருகாணி, நாம் வழமையாக வாங்கும் பிலிப்ஸ் திருப்புளிக்காகச் செய்யப்பட்டதல்ல. அது ஜிஸ் என்ற ஜப்பானியத் தரத்தைச் சேர்ந்தது, தலையில் ஒரு சிறு புள்ளி இருப்பது அதன் அடையாளம். பிலிப்ஸ் திருப்புளி அதன் அடிவரை இறங்காமல், அழுத்தித் திருப்பும்போது மேலே ஏறி நழுவி, தலையைக் கிண்ணமாக்கிவிடும். பழைய ஹொண்டாக்களில் தலை சிதைந்த திருகாணிகளைப் பார்க்கும்போதெல்லாம் நாம் மெக்கானிக் பாஸைத் திட்டுகிறோம். குற்றம் பெரும்பாலும் திருப்புளியுடையது. ஜிஸ் திருப்புளி 2ஆம், 3ஆம் இலக்கங்களில் ஒவ்வொன்று வாங்கினால், தட்டைமுனைத் திருப்புளிகள் இரண்டோடு சேர்த்து, அந்தத் தட்டு நிறைந்துவிடும்.

குறடு, மூக்குக் குறடு, ஒரு கிலோவுக்குக் குறைந்த சுத்தியல், கம்பித் தூரிகை, சிறு இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், தலையில் கட்டும் டோர்ச் ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தலை டோர்ச்சை மட்டும் தரமானதாக வாங்குங்கள். பின்னேரம் மூன்று மணிக்கே மூட்டம் இறங்கும் ஊரில் கைக்கு வெளிச்சம் பிடிக்க ஒரு பிள்ளையை நிறுத்தி வைப்பது, வேலையும் கெட்டு உறவும் கெடும் வழி.

முறுக்குவிசை ஸ்பானர், அதாவது டோர்க் ரென்ச், ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அலுமினிய என்ஜின் தலையில் பிளக்கை அளவுக்கு மீறி இறுக்கி மரையைப் பிடுங்கினால், அந்தச் செலவில் இரண்டு டோர்க் ரென்ச் வாங்கிவிடலாம். டொயோட்டாவின் பல சிறு கார்களில் சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர் என்று கையேடு சொல்கிறது. காலால் மிதித்து இறுக்கும் நம் வழக்கத்தில் அது எளிதாக மீறப்படுகிறது. வேலை முடிந்ததும் அதன் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும், அதற்குக் கீழேயும் தளர்த்தக் கூடாது. இறுகிப்போன நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தவே கூடாது.

ஐந்தாம் படி: வண்டியைத் தூக்குதல்

இந்த வழிகாட்டியில் உயிரோடு சம்பந்தப்பட்ட பகுதி இது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. வண்டிக்கடியில் உடலின் எந்தப் பகுதி போவதாயிருந்தாலும் இரும்புத் தாங்கிகள் இரண்டு வேண்டும். செங்கல்லோ சீமெந்துக் கல்லோ தாங்கி ஆகாது, அவை எச்சரிக்கையின்றி நொறுங்கும்.

மலைநாட்டில் சமதரை அபூர்வம். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் முற்றமும் சரிவாகவே இருக்கும். ஒரு கண்ணாடிப் போத்தலைப் படுக்க வைத்து, உருள்கிறதா என்று பாருங்கள். உருண்டால் அங்கே தூக்க வேண்டாம். பெரும்பாலான கார்களில் கைத்தடை பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிய கணத்தில் வண்டியைப் பிடித்திருப்பது எதுவுமில்லை. ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களின் இருபுறமும் ஆப்புக்கட்டைகள் வைத்த பின்பே ஜாக்கியைத் தொட வேண்டும். மழை நனைத்த மண்ணில் தாங்கியின் கால் மெதுவாக அமிழ்ந்து சாயும், அதை நீங்கள் கவனிக்கும்போது நேரம் கடந்திருக்கும். கனத்த ஒட்டுப்பலகைத் துண்டுகளை, ஓரடிச் சதுரத்தில் வெட்டி, தாங்கிகளோடு சேர்த்தே வையுங்கள். முடியுமானால் இரண்டு சக்கரத் தடங்களின் அகலத்துக்குச் சீமெந்துத் தளம் ஒன்று போடுவது, எந்தக் கருவியையும்விட நல்ல முதலீடு. புல்லில் படுத்து வேலை செய்பவரை அட்டையும் விடாது.

குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓடவிட வேண்டாம். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, மூடிய சிறு கொட்டிலில் அது முன்னறிவிப்பின்றியே மயக்கத்தைக் கொண்டுவந்துவிடும். ஜனவரியில் நுவரெலியாவில் எவ்வளவு குளிர்ந்தாலும் வண்டியின் புகைக்குழாய் வெளியே பார்த்தபடியே நிற்கட்டும்.

ஆறாம் படி: அளவுகருவிகளும் உயரமும்

மல்டிமீற்றர் ஒன்று வாங்குங்கள். ஓய்விலிருக்கும் பற்றரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. என்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். குளிர்ந்த காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது பற்றரியைக் குறை சொல்வதற்கு முன் இந்த மூன்று எண்களைப் பார்த்தால் பாதி அலைச்சல் மிச்சமாகும்.

என்ஜின் சிலிண்டருக்குள் உண்டாகும் அமுக்கத்தை அளக்கும் கம்பிரஷன் கேஜ் வாங்குபவர்கள் கையேட்டில் உள்ள எண்ணை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. அந்த எண் கடல் மட்டத்துக்குரியது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே. கடற்கரையில் 150 பி.எஸ்.ஐ. காட்டும் நல்ல என்ஜின் நுவரெலியாவில் 120 அளவில்தான் காட்டும். ஹட்டனில் குறைவு ஏறத்தாழ 14 சதவீதம். இதை அறியாமல், கேஜ் குறைவாகக் காட்டியதற்காக நல்ல பிஸ்டன் வளையங்களை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதே காரணத்தால், கொழும்பில் சரிசெய்த காபரேட்டர் வண்டி மேலே வந்ததும் காற்றுப் போதாமல் கறுப்புப் புகை விட்டு, பிளக்கில் கரி படியும். கலவைத் திருகாணியைத் திருப்ப மெல்லிய நீண்ட திருப்புளி ஒன்று பெட்டியில் இருந்தால், அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: ஒயில், திரவம், துணி

பிரேக் ஒயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும் திரவம். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது என்பது தரநிலை. ஈரம் ஏறியபின் அது 140க்கு இறங்கிவிடும். டொட் 4இல் இந்த எண்கள் 230உம் 155உம். ரம்பொடை இறக்கத்திலோ கினிகத்தேனை வளைவுகளிலோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது அந்த வித்தியாசம் உயிருக்கும் பள்ளத்துக்கும் இடையிலானது. ஆகவே சிறு போத்தலாக வாங்கி, திறந்த போத்தலில் மிஞ்சியதை அடுத்த மழைக்காலத்துக்கு என்று இறாக்கையில் வைத்திருக்காமல் அகற்றுங்கள். பிரேக்கின் திரவக் குழாய்களைத் திறக்கும் வேலையை, ஒருமுறையாவது அனுபவமுள்ளவர் பக்கத்தில் நின்று காட்டித் தரும்வரை, தனியாகச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கருவிகளுக்குப் பூச, வண்டிக்கு ஊற்றியபின் போத்தலில் மிஞ்சிய புதிய என்ஜின் ஒயிலே போதும். ஒரு துணியில் சில துளிகள் விட்டு, ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் துடைத்து வையுங்கள். டபிள்யூடி-40 போன்ற தெளிப்புகள் நீரை விரட்டுவதில் வல்லவை, ஆனால் அவற்றின் படலம் மெல்லியது என்பதால் மாதக்கணக்கில் காக்காது. தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது நம் குளிரில் வெண்ணெய்போல் உறைந்து, பிறகு பிசினாகும், தலைக்கு வைத்துக்கொள்வதே அதற்குப் பெருமை. ஏற்கெனவே லேசாகத் துருப்பிடித்தவற்றை ஓரிரவு வினாகிரியில் ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, அப்பச்சோடா கலந்த நீரில் கழுவி, அடுப்புச் சூட்டில் உலர்த்தி, உடனே ஒயில் பூசினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

பெற்றோலை வீட்டுக்குள் சேமிக்க வேண்டாம். ஒயில் ஊறிய துணிகளைக் குவித்து வைக்காமல் மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். வரிசையாக ஒட்டிய லயங்களில் ஒரு காம்பராவில் பற்றும் தீ அங்கேயே நிற்பதில்லை.

கழித்த ஒயிலைக் கானில் ஊற்றுபவர்களுக்கு ஒரு தகவல். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்ததே களனி கங்கை. கொழும்பின் குடிநீருக்கான அம்பத்தலை நிலையம் அந்தக் கங்கையிலிருந்தே நீர் எடுக்கிறது. பஞ்சிகாவத்தையிலிருந்து நமக்கு உதிரிப்பாகம் அனுப்பும் நகரத்துக்கு நாம் அனுப்பும் பதில் அதுவாக இருக்க வேண்டாம். பழைய ஒயில் போத்தலிலேயே நிரப்பி, கழிவு ஒயிலைச் சேர்த்துக் கொடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் ஒப்படைக்கலாம்.

எட்டாம் படி: அடுக்குதலும் இரவலும்

தினமும் எடுப்பவை கண் மட்டத்தில், பலகையில் தொங்கட்டும். பின்னால் ஒவ்வொன்றின் உருவத்தையும் பேனையால் வரைந்துவிட்டால், காலியான உருவம் எது வரவில்லை என்று தானே காட்டிவிடும். ஜாக்கி, தாங்கி போன்ற கனமானவை அடித்தட்டில். சொக்கட்டுகளை அவற்றோடு வந்த பஞ்சுப் பெட்டியிலிருந்து எடுத்து, கம்பித் தண்டவாளத்தில் கோத்து வையுங்கள். காற்றுப்படும் கருவி ஈரப் பஞ்சில் மூடிய கருவியைவிட நீண்ட காலம் வாழும்.

லயத்தில் ஒருவர் ஸ்பானர் வாங்கினால் அது லயம் முழுவதற்கும் சொந்தம். “அண்ணே, அந்தப் பதினாலு சாவியக் கொஞ்சம் தாங்க” என்று வாசலில் வந்து நிற்கும் தம்பியிடம் இல்லை என்று சொல்ல நம்மால் முடியாது, சொல்லவும் வேண்டாம். நான் கண்ட வழி, 10, 12, 13, 14, 17 அளவுகளில் மலிவான ஸ்பானர்கள் சிலவற்றை இரவலுக்கென்றே சிவப்பு வர்ணம் பூசி வாசலருகே தொங்கவிட்டிருப்பது. பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு கொப்பி உண்டு, எடுப்பவர் தானே எழுதிக்கொள்கிறார். டோர்க் ரென்ச்சும் மல்டிமீற்றரும் மட்டும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

ஒன்பதாம் படி: ஆண்டுக்கொருமுறை வெயில் காட்டுதல்

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும். பதுளை, பசறைப் பக்கத்துக்கு வடகீழ் மழையே பெரிது, ஜூலை, ஓகஸ்டில் அங்கே காய்ந்த காற்று வீசும். ஆகவே ஒரு பக்கத்துக்குரிய பராமரிப்பு நாட்காட்டி மறுபக்கத்துக்குப் பொருந்தாது. இதை நினைவில் வைக்கத் தேயிலைக்காரருக்கு எளிய வழி உண்டு. ஹட்டனும் தலவாக்கலையும் அடங்கிய டிம்புலப் பக்கத்தில் கொழுந்துக்கு நல்ல விலை கிடைக்கும் தரப்பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை, பதுளையும் பசறையும் உள்ள ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கொழுந்து மணப்பதற்கு எந்த வறண்ட காற்று காரணமோ, அதே காற்றுதான் இரும்பையும் உலர்த்தும்.

அந்த மாதங்களில் மூட்டமில்லாத ஒரு ஞாயிறு காலை, பத்து மணிக்கு மேல், எல்லாவற்றையும் முற்றத்தில் சாக்கு விரித்துப் பரப்புங்கள். இறாக்கையைத் துடைத்து, ஜாக்கியின் ஒயில் மட்டத்தைப் பார்த்து, குறடுகளின் மூட்டில் ஒரு துளி விட்டு, சிலிக்கா ஜெல்லைக் காய வைத்து, கொப்பியில் திரும்பி வராத பெயர்களைத் தேடிப் போய் வாங்கி வாருங்கள். வெயில் சாய்ந்து இரும்பு குளிர்வதற்கு முன், கையில் இன்னும் சூடு தெரியும்போதே, ஒயில் துணியால் துடைத்து உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும்.